உப்பளத்து வெயிலும் ஹிஸ்டோகிராமின் வலது ஓரமும்

தூத்துக்குடி உப்பளத்தில் மத்தியான வெயிலில் ஒரு படம் எடுத்து அங்கேயே கேமராவின் பின்திரையில் பார்த்தால் படம் இருட்டாகத் தெரியும். அதே படத்தை இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். படம் மாறவில்லை. சுற்றியிருக்கும் வெளிச்சத்துக்கு ஏற்பக் கண் மாறிக்கொண்டது. தானாகப் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் திரையாக இருந்தால் அதுவும் மாறிக்கொண்டது. எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் ஒளியின் அளவு) சரியா என்று திரையைப் பார்த்து முடிவு செய்பவர்கள் வீட்டுக்கு வந்து கணினியில் திறந்ததும் ஏமாந்துபோவது இதனால்தான். வெயிலுக்கும் இருட்டுக்கும் மாறாத ஓர் அளவுகோல் வேண்டும். கேமரா தன் திரையில் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடம் அதற்குத்தான்.

ஆனால் அதைப் பற்றிப் பலருக்கும் முதலில் கிடைக்கும் பாடமே குழப்புகிறது. "நடுவில் மலை மாதிரி வந்தால் நல்ல எக்ஸ்போஷர், இடது பக்கம் சாய்ந்தால் இருட்டு, வலது பக்கம் சாய்ந்தால் வெளிச்சம் அதிகம்" என்கிறார்கள். இதை நம்பி உப்பளத்தில் எடுத்தால் உப்பு சாம்பல் நிறத்திலும் அங்கே வேலை செய்பவரின் முகம் கரிய நிழலாகவும் வரும். நல்ல ஹிஸ்டோகிராம் என்று ஒரு வடிவமே கிடையாது. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எண்ணிக்கைப் படம்

பள்ளியில் ஒரு வகுப்பின் மதிப்பெண்களைப் பட்டைகளாக வரைந்திருப்போம்: 30லிருந்து 40க்குள் எத்தனை பேர், 40லிருந்து 50க்குள் எத்தனை பேர் என்று. ஹிஸ்டோகிராம் என்பது அதுவேதான். இந்தப் பெயரைக் கொடுத்தவர் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன். 1890களில் புழக்கத்துக்கு வந்த சொல். கேமரா அதே கணக்கைப் பிக்சல்களுக்குப் போடுகிறது.

ஜேபெக் படத்தில் (கேமராவும் கைபேசியும் வழக்கமாகத் தரும் படக் கோப்பு) ஒவ்வொரு பிக்சலின் வெளிச்சமும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 என்றால் முழுக் கருப்பு, 255 என்றால் முழு வெள்ளை. கிடைக்கோட்டில் இடமிருந்து வலமாக இந்த 256 படிகள். ஒவ்வொரு படியிலும் எத்தனை பிக்சல்கள் விழுந்தன என்பது பட்டையின் உயரம். 24 மெகாபிக்சல் கேமரா என்றால் மொத்தம் 2.4 கோடி பிக்சல்கள். சராசரியாக ஒரு படிக்கு 93,750. இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தக் கணக்கெடுப்பில் ஒரு விஷயம் தொலைந்துபோகிறது: இடம். எந்த பிக்சல் படத்தில் எங்கே இருந்தது என்பது ஹிஸ்டோகிராமுக்குத் தெரியாது. ஒரு சதுரங்கப் பலகையையும், இடது பாதி கருப்பு வலது பாதி வெள்ளை என்று பூசிய சுவரையும் எடுத்தால் இரண்டுக்கும் ஒரே ஹிஸ்டோகிராம்தான் வரும். முகம் எது, வானம் எது, வேட்டி எது என்று அது சொல்லாது. காட்சியைப் பார்த்து நாம்தான் சொல்ல வேண்டும்.

கேமராவின் மீட்டர் எதை நினைத்துக்கொள்கிறது

உப்பு ஏன் சாம்பலாகிறது? கேமராவின் மீட்டர், பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளியை மட்டுமே அளக்கிறது. அந்தப் பொருள் வெள்ளையா கருப்பா என்பது அதற்குத் தெரியாது. அதனால் ஓர் ஊகத்தில் ஓடுகிறது: எதிரே இருக்கும் காட்சி மொத்தத்தில் நடுத்தரச் சாம்பல். தன்மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பைத்தான் இந்த நடுச் சாம்பலாகப் புகைப்படக்காரர்கள் நெடுங்காலமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு கொஞ்சம் மாறும். வழக்கமான ஜேபெக் படத்தில் இந்த 18 சதவீதம் ஏறத்தாழ 118 என்ற படியில் வந்து உட்காரும். 0க்கும் 255க்கும் நடுப்பக்கம். "நடுவில் மலை" என்ற பாடம் இங்கிருந்து வந்ததுதான்.

சுத்தமான வெள்ளைப் பரப்பு சுமார் 90 சதவீதம் ஒளியைத் திருப்பி அனுப்பும். 18ஐப் போல ஐந்து மடங்கு. ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு ஒளி. ஐந்து மடங்கு என்றால் இரண்டே கால் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல். ஃபிரேம் முழுக்க உப்புக் குவியலாக இருந்தால் மீட்டர் அதைச் சாம்பலாக்க அவ்வளவு ஒளியைக் குறைத்துவிடும்.

எண்களில் பார்க்கலாம். ஐஎஸ்ஓ (பதிந்த ஒளியைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்ற அளவு) 100, அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) எஃப்/8 என்று வைத்துக்கொள்வோம். வெயிலில் எஃப்/16 வைத்தால் ஐஎஸ்ஓ 100க்கு ஷட்டர் 1/100 நொடி திறந்தால் போதும் என்பது பழைய சன்னி 16 விதி; எஃப்/8ல் நான்கு மடங்கு ஒளி நுழைவதால் 1/400 நொடி வர வேண்டும். உப்பை மட்டும் பார்த்த மீட்டர் 1/2000 கேட்கும். அந்த வேகத்தில் எடுத்த படத்தின் ஹிஸ்டோகிராம் நடுவில் அழகான மலையாக இருக்கும். பாடப்படி எல்லாம் சரி. ஆனால் உப்பு அழுக்குச் சாம்பல். அந்த வெயிலில் நின்று உப்பு வாரும் பெண்ணின் கருத்த முகமோ ஹிஸ்டோகிராமின் இடது ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, கண்ணும் வாயும் பிரிந்து தெரியாத நிழலாகிவிடும். நம் ஊர்த் தோல் நிறத்தோடு வெள்ளைப் பின்னணி சேரும் எந்த இடத்திலும் இது நடக்கும்: வெள்ளைச் சுவர், கடற்கரை மணல், மேகம் மூடிய வானம். "கருப்பாக இருக்கிறார், அதனால் படம் சரியாக வரவில்லை" என்று சொல்வதைக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் குற்றம் தோல் நிறத்தில் இல்லை; இரண்டு ஸ்டாப் ஒளியைப் பிடுங்கிக்கொண்ட மீட்டரிலும் அதைத் திருத்தாத கையிலும்தான் இருக்கிறது.

இரண்டு ஓரங்களும் ஒன்றல்ல

வடிவத்தைப் பார்க்கக் கூடாது என்றால் எதைப் பார்ப்பது? ஓரங்களை. அதிலும் வலது ஓரத்தை முதலில்.

கேமராவுக்குள் ஒளியைப் பதிக்கும் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் மழையில் வைத்த வாளி மாதிரி. ஒளித்துகள்களான ஃபோட்டான்கள் விழ விழ நிறைகிறது. நிறைந்த பிறகு எவ்வளவு விழுந்தாலும் வழிந்துபோகும், கணக்கில் சேராது. பத்துப் பங்கு வழிந்ததா நூறு பங்கு வழிந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். உப்புக் குவியலின் சொரசொரப்பு, வேட்டியின் மடிப்பு, மேகத்தின் திரட்சி எல்லாம் அந்த வாளி நிறையும்வரைதான் இருக்கும். வலது ஓரம் ஒரு சுவர்.

இடது ஓரம் அப்படியில்லை. அங்கே தகவல் திடீரென்று அறுந்துபோவதில்லை. இரைச்சலில் கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது. ஒளி துகள்களாக வருவதால் ஒரே வெளிச்சமுள்ள இரண்டு பிக்சல்களில் கூட எண்ணிக்கை சற்றே மாறி விழும். அந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும் என்பது இயற்பியல். 10,000 ஃபோட்டான் விழுந்த இடத்தில் தடுமாற்றம் 100, அதாவது ஒரு சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. 100 மட்டுமே விழுந்த நிழலில் தடுமாற்றம் 10, அதாவது பத்து சதவீதம். மணல் தூவியது போலத் தெரியும். இருந்தாலும் அங்கே ஏதோ இருக்கிறது. ரா கோப்பாக (சென்சார் பதித்த தகவலை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) இருந்தால் மென்பொருளில் மேலே தூக்கிக் கொண்டுவரலாம், இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நெகட்டிவ் ஃபிலிம் காலத்தில் கற்றவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். நெகட்டிவில் ஒளி அதிகமானால் ஓரளவு தாங்கும். நிழலில் ஒளி பதியாவிட்டால் அந்த இடம் வெறும் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். அதனால் அவர்கள் நிழலுக்கு எக்ஸ்போஸ் செய்தார்கள். அந்தக் காலத்துக்கு அது சரி. ஸ்லைடு ஃபிலிமும் டிஜிட்டலும் எதிர்ப்பக்கம்: ஹைலைட்டை, அதாவது மிக வெளிச்சமான பகுதியை, காப்பாற்றிவிட்டு நிழலைப் பிறகு பார்க்க வேண்டும்.

சிவப்புப் பட்டு, செம்பருத்தி

ஒற்றைக் கோடாகக் காட்டும் ஹிஸ்டோகிராமில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கல்யாணப் படம் எடுப்பவர்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். பல கேமராக்களில் முதலில் தெரியும் வெள்ளை நிற ஹிஸ்டோகிராம் இந்த மூன்றையும் சேர்த்து ஒரே வெளிச்ச அளவாக்குகிறது. சேர்க்கும்போது மூன்றுக்கும் சம மதிப்பு கிடையாது. மனிதக் கண்ணின் கூர்மையை ஒட்டி, வழக்கமான ஒரு கணக்கில் சிவப்புக்கு 30 சதவீதம், பச்சைக்கு 59, நீலத்துக்கு 11.

வெயிலில் நிற்கும் அரக்குச் சிவப்புப் பட்டுப் புடவையில் ஒரு பிக்சலில் சிவப்பு 255, பச்சை 40, நீலம் 30 என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு சுவரில் மோதி நின்றுவிட்டது. வெளிச்சக் கணக்கு என்ன சொல்கிறது? 76.5 + 23.6 + 3.3, மொத்தம் சுமார் 103. ஹிஸ்டோகிராமின் நடுவுக்கும் இடப்பக்கம்! "எல்லாம் பத்திரம்" என்கிறது. ஆனால் புடவையில் மடிப்பும் நெசவும் போய், சிவப்புப் பெயின்ட் அடித்த பலகை மாதிரி வந்திருக்கும். செம்பருத்தி இதழில் நரம்பு தெரியாமல் போவதும், ஊதா மேடை விளக்கில் முகம் விவரமே தெரியாத ஊதாத் திட்டாக வெந்துபோவதும் இதே கதைதான்.

மருந்து எளியது. கேமராவின் மெனுவில் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம் என்று மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டும் ஒன்று இருக்கும். அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒற்றைக் கோட்டை மட்டும் காட்டும் கேமராவாக இருந்தால், ஆழ்ந்த நிறம் ஃபிரேமில் பெரிதாக இருக்கும்போது மூன்றில் இரண்டு ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ குறைத்து எடுப்பது நல்லது.

திரையில் தெரிவது எந்த ஹிஸ்டோகிராம்?

ராவில் எடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. பொதுவாகக் கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் ரா தகவலிலிருந்து போடப்படுவதில்லை. ரா கோப்புக்குள் முன்னோட்டத்துக்காக ஒரு ஜேபெக் வைக்கப்படுகிறது, அதிலிருந்துதான் போடப்படுகிறது. அந்த ஜேபெக்கில் நீங்கள் தேர்ந்த கான்ட்ராஸ்ட், நிற அழுத்தம், ஒயிட் பேலன்ஸ் எல்லாம் ஏறியிருக்கும். வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸ் என்பதே சில நிறங்களை ஒரு எண்ணால் பெருக்குவதுதான். அதனால் ராவில் இன்னும் இடமிருக்கும்போதே ஜேபெக்கில் சிவப்போ நீலமோ சுவரைத் தொட்டதாகக் காட்டலாம்.

கேனனில் பிக்சர் ஸ்டைல், நிக்கானில் பிக்சர் கண்ட்ரோல் என்ற பெயரில் இருக்கும் அமைப்பை நியூட்ரல் அல்லது ஃபிளாட்டில் வைத்தால் திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் ராவுக்குக் கொஞ்சம் நெருங்கும். படம் சோகையாகத் தெரியும், பயப்பட வேண்டாம்; ராவை அது தொடுவதில்லை. ஜேபெக் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம். திரையில் சுவரைத் தொட்டால் தொட்டதுதான்.

வலப்பக்கம் தள்ளி எடுப்பது

2003ல் கனடாப் புகைப்படக்காரர் மைக்கேல் ரைக்மன் ஒரு யோசனையைப் பரவலாக்கினார். ஃபோட்டோஷாப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் நோலுடன் பேசியதிலிருந்து வந்தது அது. ராவில் எடுக்கும்போது, ஹைலைட் கிளிப் ஆகாத எல்லைவரை எக்ஸ்போஷரைக் கூட்டி, ஹிஸ்டோகிராமை வலப்பக்கம் தள்ளுங்கள். பிறகு மென்பொருளில் இறக்கிக்கொள்ளுங்கள் என்றார்.

அப்போது சொன்ன காரணம் படிகளின் எண்ணிக்கை. 14 பிட் ராவில் 16,384 படிகள். அதில் பாதி, 8,192 படிகள், உச்சியிலுள்ள ஒரே ஸ்டாப்புக்குப் போய்விடும். அடுத்த ஸ்டாப்புக்கு 4,096. இப்படிப் பாதி பாதியாகக் குறைந்து பத்தாவது ஸ்டாப்புக்கு வெறும் 16. அதனால் மேலே தள்ளினால் படிகள் அதிகம் என்ற வாதம். கணக்கு சரிதான், ஆனால் முறை பலிப்பதற்கு முக்கியக் காரணம் அதுவல்ல. நாம் மேலே பார்த்த வர்க்கமூலக் கணக்குதான்: அதிக ஃபோட்டான் சேர்ந்தால் இரைச்சலின் விகிதம் குறைகிறது.

காரணத்தைச் சரியாகப் பிடித்தால் ஒரு தவறைத் தவிர்க்கலாம். ஷட்டரை மெதுவாக்கியோ அப்பர்ச்சரைத் திறந்தோ வலப்பக்கம் தள்ளினால் உண்மையில் ஒளி கூடுகிறது. ஐஎஸ்ஓவை ஏற்றி வலப்பக்கம் தள்ளினால் ஒளி ஒரு துளிகூடக் கூடவில்லை. சுவர்தான் கிட்டே வந்தது. ஐஎஸ்ஓ 100லிருந்து 200க்குப் போகும் ஒவ்வொரு இரட்டிப்புக்கும் ஹைலைட்டில் ஒரு ஸ்டாப் இடம் போகிறது. வலப்பக்கம் தள்ளும் முறை கேமராவின் அடிப்படை ஐஎஸ்ஓவில், ஆடாத பொருளுக்கு, நேரம் இருக்கும்போது உதவும். ஓடும் ஜல்லிக்கட்டுக் காளைக்கு ஷட்டரை மெதுவாக்கி ஹிஸ்டோகிராமை அழகுபடுத்துவதில் அர்த்தமில்லை. கலங்கிய படத்தை எந்த மென்பொருளும் முழுதாகக் கூர்மையாக்கித் தராது.

கைபேசி நேர் எதிர்வழியில் போகிறது. கூகுளின் எச்டிஆர்+ முறை வேண்டுமென்றே ஒளி குறைவாகப் பல ஃபிரேம்களை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்க்கிறது. ஒளி குறைவு என்பதால் ஹைலைட் தப்பிக்கிறது. ஒன்பது ஃபிரேமைச் சேர்த்தால் இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகிறது. எதிரெதிர் வழிகள்தான், ஆனால் இரண்டுமே வலது சுவருக்கு மரியாதை கொடுத்துத்தான் தொடங்குகின்றன.

மல்லிகைச் சரமும் மூக்குத்தியும்

இப்போது அந்த 93,750க்கு வருவோம். மணமக்களை நின்ற கோலத்தில் முழு உயரமாக எடுக்கிறீர்கள். மணப்பெண் தலையில் உள்ள மல்லிகைச் சரம் 20,000 பிக்சல் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2.4 கோடியில் அது 1,200ல் ஒரு பங்கு. அந்தச் சரம் முழுவதும் வெந்து வெள்ளையாகிவிட்டாலும் ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தில் ஒரு முடி அளவுக் கோடுதான் எழும். சின்னத் திரையில் கண்ணில் படாது.

இங்கே ஹிஸ்டோகிராமை விட்டுவிட்டு ஹைலைட் எச்சரிக்கையைப் போட வேண்டும். கிளிப் ஆன இடங்கள் கருப்பும் வெள்ளையுமாகச் சிமிட்டும். மிரர்லெஸ் கேமராக்கள் (உள்ளே கண்ணாடி இல்லாமல், சென்சார் பார்ப்பதையே திரையில் காட்டுபவை) பலவற்றில் படம் எடுக்கும் முன்பே வரிக்குதிரைக் கோடுகளாகக் காட்டும் வசதியும் உண்டு. ஹிஸ்டோகிராம் தொலைத்த இடத்தை இது திருப்பித் தருகிறது. சிமிட்டுவது மூக்குத்திக் கல்லில் தெறிக்கும் ஒளி என்றால் விட்டுவிடலாம்; தெறிப்பு வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். சிமிட்டுவது மல்லிகை என்றால், அல்லது நெற்றி என்றால், குறைக்க வேண்டும்.

உப்பளத்தில் செய்முறை

1. ஐஎஸ்ஓவை அடிப்படை அளவில் வையுங்கள். ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமையும் ஹைலைட் எச்சரிக்கையையும் போடுங்கள்.

2. மீட்டர் சொன்னபடி ஒரு படம். உப்பின் மேடு ஹிஸ்டோகிராமில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நடுவில் நிற்கும்.

3. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டர் சொன்ன அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1⅔ ஸ்டாப்புக்கு ஏற்றி மீண்டும் ஒரு படம். மேடு வலப்பக்கம் நகர்ந்து சுவருக்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும். இடம் மிச்சம் இருந்தால் மூன்றில் ஒரு ஸ்டாப்பாகக் கூட்டுங்கள். உப்பில் சிமிட்டல் பரவத் தொடங்கினால் ஒரு படி இறக்குங்கள்.

4. அந்த அளவை மேனுவலில் பூட்டிவிடுங்கள். வெயில் மாறாதவரை அது மாறாது. இல்லையென்றால் ஃபிரேமில் உப்பு கூடிக் குறையும்போதெல்லாம் மீட்டர் மறுபடி அலையும்.

5. பிறகு முகத்தைப் பாருங்கள். தலையில் துண்டோ தொப்பியோ நிழல் போட்டால் முகம் இன்னும் இடப்பக்கம்தான் இருக்கும். ஆனால் உப்பளத்தில் தரையே ஒரு ரிஃப்ளெக்டர். குவியலுக்குப் பக்கத்தில் அவர் குனிந்து நிற்கும் கணத்தில் கீழிருந்து ஒளி எழும்பி முகத்தை நிரப்பும். அதற்குக் காத்திருப்பது எந்த மென்பொருளையும்விட நல்ல பலன் தரும்.

6. இரண்டும் ஒரே எக்ஸ்போஷரில் அடங்கவில்லை என்றால் எது முக்கியம் என்று தேர்ந்துகொள்ள வேண்டும். அவருடைய உருவப்படம் என்றால் பின்னணி உப்பு கொஞ்சம் வெந்துபோகட்டும். இந்த முடிவை ஹிஸ்டோகிராம் எடுக்காது.

வடிவம் "கெட்டு" வரவேண்டிய காட்சிகள்

கொடைக்கானல் மூடுபனியில் கருப்பும் இல்லை, தூய வெள்ளையும் இல்லை. ஹிஸ்டோகிராம் ஓர் ஒடுங்கிய மேடாக, நடுவுக்கு வலப்பக்கம் நிற்கும். இரண்டு ஓரமும் காலியாக இருக்கும். அதை இரு பக்கமும் இழுத்துவிட்டால் பனி போய்விடும்.

கார்த்திகைக்குத் திண்ணையில் வரிசையாக வைத்த அகல் விளக்குகள்: இடது ஓரத்தில் பெரிய குவியல், வலது சுவரில் சுடரின் ஊசிக்கோடு, நடுவில் அதிகம் ஒன்றுமில்லை. பாடப்படி இது இரண்டு பக்கமும் கெட்ட படம். ஆனால் கண்ணுக்கு அந்த இரவு அப்படித்தான் இருந்தது. சுடரின் நடுப்பகுதி வெந்துபோவதில் தவறில்லை. சுற்றியுள்ள மஞ்சள் ஒளியும் அகலின் விளிம்பும் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

முழு நிலவு இன்னும் நல்ல உதாரணம். 200 மிமீ லென்ஸில், முழு ஃபிரேம் 24 மெகாபிக்சல் கேமராவில், நிலவு சுமார் 300 பிக்சல் விட்டம்தான். எழுபதாயிரம் பிக்சல், படத்தில் 0.3 சதவீதம். மீதி எல்லாம் கருப்பு வானம். மீட்டர் அந்தக் கருப்பைச் சாம்பலாக்கப் பார்த்து நிலவை வெள்ளை வட்டாக்கிவிடும். நிலவோ வெயிலில் கிடக்கும் பாறை. எஃப்/11, ஐஎஸ்ஓ 100, 1/100 நொடி என்று தொடங்கினால் பள்ளங்களும் கறைகளும் தெரியும். அப்போது ஹிஸ்டோகிராம் முழுக்க இடது சுவரில் ஒட்டிக்கிடக்கும். அதுதான் சரி.

ஃபிளாஷ் போடும்போது

மிரர்லெஸ் கேமராவில் படம் எடுக்கும் முன்பே ஓடிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோகிராமுக்கு ஒரு நிபந்தனை உண்டு. திரை, நீங்கள் வைத்த எக்ஸ்போஷரை அப்படியே காட்டும் அமைப்பில் இருந்தால்தான் அது உண்மை. மண்டபத்தில் ஃபிளாஷ் மாட்டினால் அதுவும் உதவாது. ஃபிளாஷ் இன்னும் எரியவில்லை; எரியப்போகும் ஒளியை அந்த ஓடும் கோடு எப்படி அறியும்? தாலி கட்டும் நேரத்துக்கு முன்பே ஃபிளாஷோடு ஒரு சோதனைப் படம் எடுத்து, எடுத்த படத்தின் மூன்று நிற ஹிஸ்டோகிராமையும் சிமிட்டலையும் பார்த்து, வேட்டியிலும் மல்லிகையிலும் இழை தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மேடைக்குப் போங்கள்.